ஏர் ஃப்ரையரில் பார்பிக்யூ பன்றி விலாக்கறி: கோளாறும் காரணமும் சரிசெய்யும் வழியும்

ஏர் ஃப்ரையரில் செய்த பன்றி விலாக்கறி சரியாக வரவில்லை என்பவர்களின் குறைகளைக் கேட்டால், அவை ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றும். ஒருவருக்குக் கருகிவிடுகிறது, இன்னொருவருக்கு நிறமே ஏறுவதில்லை. ஒருவரால் கடிக்க முடியவில்லை, மற்றொருவருக்குக் குழைந்து எலும்பு தனியே கழன்றுவிடுகிறது. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறப்பவைதான். விலாக்கறியில் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். எலும்புகளுக்கு இடையே இறுகிக் கிடக்கும் இணைப்புத் திசு மெல்லக் கரைந்து கறி மென்மையாவது முதல் வேலை. மேற்பரப்பு உலர்ந்து சிவந்து சாஸைப் பிடித்துக்கொள்வது இரண்டாவது. முதலாவதற்கு மிதமான சூடும் ஈரமும் நீண்ட நேரமும் வேண்டும். இரண்டாவதற்குக் கடுஞ்சூடும் உலர்ந்த காற்றும் சில நிமிடங்களும் போதும். மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளையும் அதன் வெப்பத்தைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றும் விசிறியையும் கொண்ட ஏர் ஃப்ரையர், இரண்டாவது வேலையை மிக நன்றாகச் செய்யும். முதல் வேலையை நம் உதவியின்றி அதனிடம் ஒப்படைத்தால் தடுமாறும். எனவே எந்தக் கோளாறு வந்தாலும், இரண்டில் எந்தக் கட்டம் பிசகியது என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, நான் சரியென்று கருதும் முறையை முன்வைத்துவிடுகிறேன். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பேபி பேக் விலாப்பட்டை ஒன்றை எடுத்து, எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்து, மூன்று அல்லது நான்கு எலும்புகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, 10 கிராம் உப்பைத் தடவி முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். மறுநாள் ஈரத்தை ஒற்றியெடுத்து, மசாலாத்தூளைப் பூசி, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சாறோ தண்ணீரோ விட்டு, அலுமினியத் தாளில் கசியாதபடி பொதிந்து, 150 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் வேகவிடவும். பொதியைப் பிரித்து, உள்ளே தேங்கிய சாற்றையும் கொழுப்பையும் ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, துண்டுகளை வெறும் கூடையில் அடுக்கி, 200 டிகிரியில் நான்கைந்து நிமிடம் மேற்பரப்பை உலர்த்தவும். பிறகு சாஸை மெல்லியதாகத் தடவி 180 டிகிரியில் மூன்று நிமிடம், மீண்டும் ஒரு பூச்சு, மீண்டும் மூன்று நிமிடம். வெளியே எடுத்து ஐந்து நிமிடமாவது ஆறவிட்டபின் வெட்டவும்.

பேபி பேக் என்பது முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதி. எலும்பு குட்டையாகவும் வளைந்தும் இருக்கும், கொழுப்பு குறைவு. ஸ்பேர் ரிப்ஸ் என்பது வயிற்றை நோக்கிய கீழ்ப்பகுதி. தட்டையானது, நீளமானது, கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக உள்ளது. அதன் அடியிலுள்ள குருத்தெலும்புப் பகுதியை நீக்கிச் செவ்வகமாகச் சீவியதையே செயின்ட் லூயிஸ் வெட்டு என்கிறார்கள். ஸ்பேர் ரிப்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் வெட்டுக்கும் முதற்கட்டத்தில் 75 முதல் 90 நிமிடம் வரை தேவைப்படும். பல ஏர் ஃப்ரையர்களில் 60 நிமிடத்துக்குமேல் நேரம் வைக்க இயலாது. அது முடிந்ததும் மறுபடி முடுக்கிவிட வேண்டும் என்பதை மறந்து, கருவி நின்றதையே வெந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

மேலே கருகிவிட்டது, உள்ளே கடிக்க முடியவில்லை

மிகுதியாகக் காணப்படும் கோளாறு இதுதான். பச்சைக் கறியை நேரே கூடையில் போட்டு, 190 அல்லது 200 டிகிரியில் அரைமணி நேரம் வைப்பதே காரணம். இப்படிச் செய்த கறி பச்சையாக இருப்பதில்லை. பாதுகாப்பாக உண்ணும் அளவுக்கு அது வெந்துதான் இருக்கும். முழுத் துண்டாகச் சமைக்கும் பன்றிக்கறி உள்ளே 63 டிகிரியை எட்டி, மூன்று நிமிடம் ஆறவிடப்பட்டால் போதுமென்று அமெரிக்க வேளாண் துறை 2011-ஆம் ஆண்டிலிருந்து அறிவுறுத்தி வருகிறது. ஆனால் பாதுகாப்பாக வெந்த கறியும் பதமாக வெந்த கறியும் ஒன்றல்ல. விலாவின் இணைப்புத் திசுவில் நிறைந்துள்ள கொலாஜன் என்ற புரதம், கறியின் சூடு 70 டிகிரியைத் தாண்டிய பிறகே குறிப்பிடத்தக்க வேகத்தில் ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. அப்போதும் அது சூட்டை மட்டும் சார்ந்ததன்று, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சார்ந்தது. ஆகவே 63 டிகிரியில் எடுத்த விலாக்கறி, வெந்திருந்தும் சவைக்க முடியாததாகவே இருக்கும். 90 முதல் 95 டிகிரிக்குள்தான் அதன் பதம் வருகிறது.

கூடையின் கடுஞ்சூட்டில் உட்புறம் அந்த நிலையை எட்டுவதற்குள் மேற்பரப்பின் ஈரமெல்லாம் போய், மசாலாவில் உள்ள சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தீய்ந்துவிடும். அலுமினியத் தாள் இங்கேதான் உதவுகிறது. பொதிக்குள் ஈரம் வெளியேற முடியாததால், கறியைச் சுற்றியிருப்பது நீராவி. வெளியே 150 டிகிரி இருந்தாலும் உள்ளே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். கருகுவதற்கு வாய்ப்பில்லை, கொலாஜன் கரைவதற்கோ முழு வாய்ப்பு. இன்னொரு நன்மையும் உண்டு. திறந்த நிலையில் வேகும் கறியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. அதனால் 65 முதல் 75 டிகிரிக்குள் சூடு ஏறாமல் நெடுநேரம் தேங்கி நிற்பதைப் பார்பிக்யூ செய்பவர்கள் நன்கறிவார்கள். பொதிந்த கறியில் இந்தத் தேக்கம் ஏற்படுவதில்லை.

ஏற்கெனவே இப்படி ஆகிவிட்டதென்றால் கறியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. கருகிய பூச்சைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, மூன்று மேசைக்கரண்டித் தண்ணீருடன் தாளில் பொதிந்து, 150 டிகிரியில் மேலும் 30 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். கருகல் ஆழமாக இறங்கியிருந்தால் கசப்பு போகாது. அப்போது கறியை எலும்பிலிருந்து எடுத்து, கருகிய விளிம்புகளை நறுக்கி நீக்கிவிட்டு, சாஸில் புரட்டி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடலாம்.

பதத்தை அறிய, தெர்மாமீட்டரை இரண்டு எலும்புகளுக்கு நடுவே, எலும்பில் படாதபடி செருகவும். எலும்பில் பட்டால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு பல்குச்சியைச் செருகிப் பார்க்கலாம். தடையின்றி இறங்கினால் பதம். நார் பிடித்து நிறுத்தினால் இன்னும் 10 நிமிடம். எலும்பு நுனிகளில் கறி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பின்வாங்கி எலும்பு வெளித்தெரிவதும் நல்ல அடையாளம். முழு விலாப்பட்டையை இடுக்கியால் தூக்கி அது வளைவதைப் பார்க்கும் சோதனை, துண்டாக வெட்டிய கறிக்குப் பயன்படாது. அதற்குப் பதிலாக நடு எலும்பைப் பிடித்துச் சற்றே திருகினால், கறிக்குள் அது இலேசாக அசைய வேண்டும்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளைப் பின்பற்றுபவர்கள் அளவுகோலையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அவற்றில் வரும் 300 என்பது ஃபாரன்ஹீட். அது நமக்கு 150. அவர்களுடைய 375 நமக்கு 190, அவர்களுடைய 400 நமக்கு ஏறத்தாழ 205.

கறி மென்மையாக இருந்தும் ஒரு பக்கம் தோல்போல இழுபடுகிறது

இது வேக்காட்டின் குற்றமன்று. விலாவின் உட்புறத்தில், எலும்புகளின்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு எவ்வளவு வேகவைத்தாலும் கரைவதில்லை; ஏர் ஃப்ரையரின் காற்றில் அது காய்ந்து தாள்போல விறைத்துக்கொள்ளும். மசாலாவும் உப்பும் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே இறங்காமலும் அது தடுக்கிறது.

உரிப்பதற்குக் கூர்க்கத்தி வேண்டாம்; அது சவ்வைக் கிழித்துவிடும். விலாப்பட்டையை எலும்புப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்பின்மேல், ஒரு தேக்கரண்டியின் காம்பை எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே நுழைக்கவும். மங்கலான வெண்மையுடன் பளபளக்கும் ஒரு மென்படலம் கரண்டியின்மேல் கூடாரமாக எழும்பும். விரல் நுழையும் அளவுக்கு அதைத் தளர்த்தியபின், வழுக்கும் நுனியைச் சமையலறைத் தாளால் பற்றி, மேல்நோக்கித் தூக்காமல் பட்டையின் நீளவாக்கில் நிதானமாக இழுத்தால், பெரும்பாலும் ஒரே வீச்சில் முழுதாக வந்துவிடும். கறி குளிர்ந்திருக்கும்போது இது எளிது. அறைச் சூட்டுக்கு வந்த கறியில் சவ்வு அடிக்கடி அறுபடும். சில கடைகளில் சவ்வை நீக்கியே விற்கிறார்கள் என்பதால், எவ்வளவு தேடியும் படலம் கிடைக்காவிட்டால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உரிக்க வரவே இல்லையென்றால், குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறிவிடுவது அரைத் தீர்வாவது தரும்.

உலர்ந்து நார்நாராகப் பிரிகிறது

பொதி சரியாக மூடப்படாமல் நீராவி கசிந்திருக்கலாம். எலும்பு நுனி தாளைக் குத்தி ஓட்டை விழுவது அடிக்கடி நடப்பது. தாளை இரட்டையாக மடித்துப் பொதிந்து, கறியின் எலும்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால், கறியுள்ள பக்கம் சாற்றில் அமிழ்ந்திருக்கும். இரண்டாம் கட்டத்தை நீட்டியதும் காரணமாக இருக்கலாம். நிறம் போதவில்லையென்று 200 டிகிரியில் 15 நிமிடம் விட்டால், முதற்கட்டத்தில் காத்துவைத்த ஈரமெல்லாம் போய்விடும். கொழுப்பு குறைந்த பேபி பேக் இந்தத் தவற்றை மன்னிப்பதில்லை. ஸ்பேர் ரிப்ஸ் ஓரளவு தாங்கும். கருவி தன் சூட்டைக் கூட்டிக் காட்டுகிறதா குறைத்துக் காட்டுகிறதா என்பதில் ஐயம் இருந்தால், அடுப்புக்குள் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்றைக் கூடையில் வைத்துப் பார்த்துவிடலாம். குறித்த அளவுக்கும் உண்மைச் சூட்டுக்கும் வேறுபாடு இருப்பது அரிதன்று.

உலர்ந்துபோன கறிக்கு, வடித்துவைத்த சாறு கைகொடுக்கும். மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, எஞ்சிய சாற்றைச் சாஸுடன் கலந்து சூடாக்கி, வெட்டிய துண்டுகளின்மேல் ஊற்றவும். அந்தச் சாற்றில் ஜெலட்டின் இருப்பதால் அது கறியில் ஒட்டி நிற்கும். இழந்த ஈரம் திரும்பாது. ஆனால் வாயில் வறட்சி தெரியாது.

குழைந்து, எலும்பு தானாகவே கழன்றுவிடுகிறது

இதைக் கோளாறென்றே பலர் கருதுவதில்லை. எலும்பிலிருந்து உதிரும் கறியே சிறந்ததென்று உணவகங்களின் விளம்பரங்கள் நம்பவைத்துவிட்டன. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் விதிகளின்படி நடக்கும் போட்டிகளில், கடித்த இடத்தில் மட்டும் கறி நேர்த்தியாகப் பிரிந்து, கடிபட்ட தடம் தெரிய வேண்டும். முழுக் கறியும் எலும்பை விட்டு வந்துவிட்டால் அது மிகையாக வெந்ததாகவே கொள்ளப்படும். நான் அந்தக் கட்சிதான். ஆயினும் வீட்டில் உண்பவர்களுக்குக் குழைந்த கறிதான் பிடிக்குமென்றால், பொதிந்து வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்வதில் தவறில்லை.

விரும்பாமலே குழைந்தது என்றால் பொதியில் இருந்த நேரம் கூடிவிட்டது. அடுத்த முறை 10 நிமிடம் குறைத்துப் பார்க்கவும். முதற்கட்டத்தைப் பிரஷர் குக்கரில் முடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் வரும். மின்சாரக் குக்கரில் பேபி பேக்குக்கு 20 முதல் 25 நிமிட அழுத்தமே போதும், அடங்கும் நேரத்திலும் கறி வெந்துகொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். குழைவு நார்த்தன்மையே இல்லாத மாவுபோன்ற பிசுபிசுப்பாக இருந்தால், காரணம் வேறு: அன்னாசிச் சாறோ பப்பாளியோ சேர்த்து இரவு முழுதும் ஊறவைத்திருப்பீர்கள். அவற்றின் நொதிகள் தசைப் புரதத்தையே சிதைத்துவிடுகின்றன. இவ்வளவு நேரம் வேகும் கறிக்கு அவை தேவையே இல்லை. குழைந்த துண்டுகளைச் சாஸ் தடவ எடுக்கும்போது உடைந்துவிடும் என்பதால், பொதியைத் திறந்து 10 நிமிடம் ஆறவிடவும். ஜெலட்டின் சற்று இறுகியபின் கையாள எளிதாகும்.

முதற்கட்டத்துக்காகக் கறியைத் தண்ணீரில் கொதிக்கவைப்பவர்களும் உண்டு. மென்மையாகத்தான் வரும், ஆனால் உப்பும் சுவையும் ஜெலட்டினும் அந்தத் தண்ணீரில் இறங்கி, அதைக் கொட்டும்போது அவையும் போய்விடும். வேறு வழி இருக்கும்வரை நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சாஸ் கருகிக் கசக்கிறது, அல்லது ஒட்டாமல் வழிந்துவிடுகிறது

இரண்டும் எதிரெதிரான கோளாறுகள் என்றாலும், சாஸின் தன்மையை அறியாததே இரண்டுக்கும் மூலம். தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கன்சாஸ் சிட்டி வகைச் சாஸில் சர்க்கரை மிகுதி. சாதாரணச் சர்க்கரை ஏறக்குறைய 160 டிகிரியில் கருஞ்சிவப்பாகத் தொடங்குகிறது. தேனிலுள்ள ஃப்ரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். கூடையின் மேலேயே கம்பிச்சுருள் இருப்பதால், சாஸ் பூசிய துண்டு 200 டிகிரியில் சில நிமிடங்களுக்குள் மினுமினுப்பிலிருந்து கருகலுக்குப் போய்விடும். எனவே சாஸ் கடைசி ஆறேழு நிமிடங்களுக்கானது. சூட்டையும் 180 டிகிரிக்குக் குறைக்க வேண்டும். ஒரே கனத்த பூச்சைவிட, மெல்லிய இரண்டு பூச்சுகள் மேல். முதற்பூச்சு இறுகி, விரல் பட்டால் ஒட்டும் நிலைக்கு வந்தபின் இரண்டாவதைப் பூசினால், இரண்டும் சேர்ந்து ஒரு பளபளப்பான படலமாகும்.

மசாலாத்தூளிலும் சர்க்கரை மிகுதியாக இருந்து, இரண்டாம் கட்டத்தில் சாஸ் தடவும் முன்பே கருகுகிறதென்றால், அடுத்த முறை தூளில் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கவும். சாஸே இல்லாமல் தூளோடு பரிமாறும் மெம்ஃபிஸ் பாணி பிடித்தவர்கள், தூளில் ஒரு பகுதியை எடுத்துவைத்து, கறி வெளியே வந்தபின் தூவிக்கொள்ளலாம். அதுதான் மணமாகவும் இருக்கும்.

வழிந்துவிடும் சாஸுக்கு இரு காரணங்கள் உண்டு. கறியின் மேல் கொழுப்பும் சாறும் படிந்திருந்தால் எந்தச் சாஸும் நிற்காது; அதனால்தான் பூசுமுன் 200 டிகிரியில் உலர்த்தச் சொன்னேன். சாஸ் நீர்த்திருந்தால் சிறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதத்துக்குச் சுண்டவைக்கவும். கிழக்குக் கரோலினாவின் காடியும் மிளகாயும் சேர்ந்த சாஸ் பிறப்பிலேயே நீர்த்தது. அதைப் பூசிச் சுட முயலாமல், பரிமாறும்போது ஊற்றிக்கொள்வதே முறை.

நிறம் ஏறவில்லை, ஆவியில் வெந்ததுபோல வெளுத்திருக்கிறது

பொதியிலிருந்து எடுத்தவுடன் கறி வெளிறிச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், அது இயல்பு. இரண்டாம் கட்டத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால், ஈரம் போகவில்லை என்று பொருள். மேற்பரப்பு சிவப்பதற்கு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். நீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. சாற்றை வடிக்காமல் தாளை மட்டும் திறந்துவிட்டு அப்படியே சுட முயல்வது, கருவியை முன்சூடு செய்யாதது, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஆகியவை வழக்கமான காரணங்கள். துண்டுகளுக்கு இடையே விரல் அளவு இடைவெளி வேண்டும். கூடையின் அடித்துளைகளைத் தாளால் முழுக்க மூடினால் காற்று சுழலாது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கறியைச் சிறிய கூடையில் ஒரே தடவையில் சுட முயல்வதைவிட, பொதிகளை மொத்தமாக வேகவைத்து, சுடுவதை மட்டும் இரண்டு ஈடாகப் பிரிப்பது நல்லது. சுடும் கட்டம் குறுகியது என்பதால் முதல் ஈடு ஆறிப்போகாது.

கருவியிலிருந்து புகை வருகிறது

முதலில் புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெண்புகை பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது: உருகிச் சொட்டிய கொழுப்பு, கூடைக்குக் கீழுள்ள சூடான தட்டில் பட்டுப் புகைகிறது. பொதியைத் திறந்தவுடன் கொழுப்பை வடித்துவிட்டால் பாதிப் புகை அப்போதே நின்றுவிடும். எஞ்சியதற்கு, கூடையின் கீழே உள்ள தட்டில் இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் விடலாம். கருவியின் கையேடு அதைத் தடைசெய்திருந்தால் மட்டும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் விட்டால் ஆவி எழும்பி நிறம் ஏறுவதைக் கெடுக்கும்.

கரும்புகை வந்தால் அது வேறு விஷயம். உடனே மின்சாரத்தைத் துண்டிக்கவும். சாஸோ கொழுப்போ கம்பிச்சுருளில் தெறித்து எரிகிறது, அல்லது இலேசான எதுவோ காற்றில் பறந்து அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தீச்சுவாலை தெரிந்தால் கூடையை இழுக்கக் கூடாது. மூடியபடியே விட்டால் காற்றின்றி அணைந்துவிடும். கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ அணையாமல் பெரிதானால் அணைக்க முயன்று நிற்காமல் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். இப்படி நேராதிருக்க, தாளோ எண்ணெய்த்தாளோ கறியின் எடை மேலே இல்லாமல் கூடையில் இருக்கக் கூடாது. முன்சூடு செய்யும்போது வெறும் தாளைப் போடுவது ஆபத்தான பழக்கம். உலர்ந்த இலைத்தூள்களும் விசிறிக் காற்றில் பறப்பவை. கறியின்மேல் கடுகு விழுதை மெல்லியதாகத் தடவி அதன்மேல் தூளை அழுத்திப் பதித்தால் அது ஒட்டி நிற்கும். கடுகின் சுவை இறுதியில் தெரிவதுமில்லை. ஒவ்வொரு முறை விலாக்கறி செய்தபின்னும், கருவி நன்றாக ஆறியதும் கம்பிச்சுருளை ஈரத்துணியால் துடைக்காதவர்களுக்கு, அடுத்த நாள் வேறெதைச் சமைத்தாலும் புகைதான்.

சில துண்டுகள் வெந்தும் சில வேகாமலும் இருக்கின்றன

விலாப்பட்டையின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனைத் துண்டுகளைத் தனிப் பொதியாகக் கட்டி, 10 நிமிடம் முன்னதாக எடுத்துவிடலாம். தட்டுகள் அடுக்கிய அடுப்பு வகைக் கருவிகளில் மேல்தட்டு விரைவில் கருகும் என்பதால், சுடும் கட்டத்தின் நடுவே தட்டுகளை இடம் மாற்றவும். உறைந்த கறியை முழுமையாக உருகவிடாமல் போட்டிருந்தால் எலும்பருகே மட்டும் வேகாமல் நிற்கும். ஒரு நாள் முன்பே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவைப்பதே சரி, சமையல் மேடையில் வைத்து அல்ல.

எலும்பருகே சிவப்பாகத் தெரிகிறது

நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், தெர்மாமீட்டரைப் பார்க்கவும். இளம் பன்றிகளின் எலும்பு முழுதாக இறுகியிராததால், மஜ்ஜையின் நிறமி சூட்டில் கசிந்து அருகிலுள்ள கறியைச் சிவக்கவைக்கும். உறைந்து உருகிய கறியில் இது இன்னும் மிகுதி. 90 டிகிரியை எட்டிய கறியில் தெரியும் சிவப்பு பச்சைத்தன்மை அல்ல. மாறாக, சாம்பல் நிறமாகத் தெரிந்தும் 63 டிகிரியை எட்டாத கறியை உண்ணக் கூடாது.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, புகையில் வெந்த கறியில் காணப்படும் இளஞ்சிவப்பு வளையம் ஏர் ஃப்ரையரில் வராது. எரியும் விறகிலிருந்து வரும் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் உண்டாவது அது. விறகே இல்லாத இடத்தில் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த வளையத்துக்குச் சுவையில் பங்கும் இல்லை.

புகைமணம் இல்லை

புகையூட்டிய பாப்ரிகா மிளகாய்த்தூளை மசாலாத்தூளில் சேர்ப்பது எளிய வழி. திரவப் புகை என்று விற்கப்படுவதை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விறகுப் புகையைக் குளிர்வித்துத் திரவமாக்கியதுதான் அது. ஒரு கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டியைப் பொதிக்குள் ஊற்றும் சாற்றில் கலந்தால் போதும். கூடினால் மருந்து வாடை அடிக்கும், பிறகு எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது. கடையில் வாங்கும் சாஸிலேயே அது இருக்கலாம் என்பதால், முதலில் புட்டியின் பின்புறத்தைப் படிக்கவும்.

உப்புக் கரிக்கிறது

தடவிய உப்பு, மசாலாத்தூளில் உள்ள உப்பு, சாஸில் உள்ள உப்பு என மூன்றும் சேர்வதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கடையில் வாங்கிய தூளில் உப்பே முதற்பொருளாக அச்சிடப்பட்டிருந்தால், முதல்நாள் உப்பைத் தடவ வேண்டாம். சில கடைகளின் பொட்டலக் கறியில் உப்புநீர் செலுத்தியிருப்பார்கள்; அது மேலட்டையில் குறிக்கப்பட்டிருக்கும், அதற்கும் இதே விதி. கரித்துவிட்ட கறிக்கு, உப்பில்லாத தக்காளி விழுதும் காடியும் சிறிது சர்க்கரையும் சேர்த்துச் சுண்டவைத்த பூச்சு ஓரளவு ஈடுகட்டும். பொதியின் சாற்றை அதில் சேர்க்கக் கூடாது, உப்பெல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும்.

மறுநாள் சூடாக்கினால் விறைத்துவிடுகிறது

மிஞ்சிய கறியைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மூன்று நான்கு நாள் வரை கெடாது. அதை நேரே 200 டிகிரியில் போட்டால், நேற்றுப் பூசிய சாஸ் கருகும்; உள்ளே கறி குளிர்ந்தே கிடக்கும். சூடாக்குவதிலும் இரண்டு கட்டங்கள்தான்: ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்துத் தாளில் பொதிந்து, 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, உட்புறம் 74 டிகிரியை எட்டியபின் திறந்து, புதிதாக ஒரு மெல்லிய பூச்சுச் சாஸுடன் 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் விடவும். சாஸ் தடவாமல் எடுத்துவைத்த துண்டுகள் இப்படிச் சூடாக்கும்போது இன்னும் நன்றாக வரும். ஆகவே மிஞ்சும் என்று தெரிந்தால், சில துண்டுகளைப் பொதியிலிருந்து எடுத்தவுடன் பூச்சின்றியே ஒதுக்கிவைக்கலாம்.